மூணு மணிக்குத் தூங்கினவரு

த்தூ! மொதல்ல இதத் துப்பிட்டுத்தான் மத்தத சொல்லணும்.

"ஒம்பது பேர்"னு ஒரு சீரியல். போன்ல வருது. சனிக்கிழமைக்கு சனிக்கிழமை ஒரு பாகம். முன்ன பின்ன பாக்காத ஒம்பது பேர எவனோ ஒருத்தன் ஒரு பங்களாவுல போட்டு பூட்டிடறான். யாரு பூட்டினா, எதுக்கு பூட்டினா, ஒண்ணும் தெரியாது. வாரத்துக்கு ஒரு ஆளக் காணாமப் பண்றான். உள்ள இருக்கறதுலயே ஒரு ஆளு மத்தவங்க பேசறத எல்லாம் அவனுக்குப் போட்டுக் குடுக்குதாம். அது யாருன்னு நாம கண்டுபிடிக்கணுமாம். கருமம்.

எங்க மரக்காணம் உப்பளத்துல மூணு மணிக்கு எழுந்து நாலு மணிக்கெல்லாம் பாத்தியில எறங்கிடணும். வெயில் ஏறுறதுக்குள்ள உப்ப வாரி கரையில ஏத்தணும். பத்து மணிக்கு வேலை முடிஞ்சிடும். கொட்டாயில வந்து உக்காந்து, கால்ல மாட்டியிருக்கற சாக்ஸ உருவிப் போட்டுட்டு கஞ்சிய எடுப்போம். ரேகா அவ போன கஞ்சித்தூக்கு மேல சாச்சு வெப்பா. மத்த பத்து பொம்பளைங்களும் தலைய ஒட்டி வெச்சிக்கிட்டு பாப்பாளுங்க.

"இந்த வாரம் அந்த டீச்சரம்மாதான்டி. எழுதி வெச்சிக்கோ" அப்டிம்பா மலர்கொடி.

"போடி, காலேஜ் பொண்ணுதான் போவும். என்னா பெட்டு? ஒரு டீ?" இது ரேகா.

அந்த வாரம் காலேஜ் பொண்ணுதான் போச்சு. முடியப் புடிச்சு தரதரன்னு இழுத்துட்டுப் போறானுங்க, அது கதவு நெலைய கெட்டியாப் புடிச்சிக்கிட்டு கத்துது. இவளுங்க என்னா சொன்னாளுங்க தெரியுமா? "செம சீன்டி! திருப்பி வை, திருப்பி வை!" வாய் நெறைய கஞ்சிய வெச்சிக்கிட்டு ரெண்டாவது தடவ பாத்தாளுங்க. என் கஞ்சிய வரப்புல ஊத்திட்டு எழுந்து போயிட்டேன்.

"ஜான்சிக்கு மனசு தாங்கல. பாவம், அவ வீட்டுக்காரரும் அப்டி இருந்து வந்தவருதான?" அப்டின்னு பின்னாடி பேசறது காதுல விழுந்துச்சு. தெரிஞ்சே பாக்கறாளுங்க பாருங்க!

ஆமா, என் வீட்டுக்காரரு சாலமன் அப்டி இருந்து வந்தவருதான். பதினஞ்சு வயசுலேருந்து உப்பளத்துல வேலை. ப்ளஸ் டூ படிச்சிருக்காரு, டைப்பிங் வேற தெரியும். கம்போடியாவுல கம்ப்யூட்டர் வேலைன்னு ஒரு ஏஜெண்ட் அனுப்பிச்சான். அங்க போனா, கட்டடத்துக்குள்ள போட்டு பூட்டிட்டு, போன்ல ஊர ஏமாத்தற வேலை. செய்யலன்னா அடி. பதினோரு மாசம். அப்புறம் அங்க ரெய்டு வந்து நாப்பது பேர மீட்டு அனுப்பினாங்க. இவரு வந்து ஆறு மாசம் ஆவுது.

இப்ப உப்பளத்துக்கு வர்றதில்ல, வீட்லயே உக்காந்திருக்காரு. ஆனா மூணு மணின்னா கண்ணு தானா தொறந்துக்கும். காச்சல்ல கெடந்தாலும் சரி, சொந்தக்காரங்க வீட்ல படுத்தாலும் சரி. கல்யாணமாகி பதிமூணு வருஷத்துல, அவரு இல்லாத அந்தப் பதினோரு மாசம் தவிர, நான் அலாரம்னு ஒண்ணு வெச்சதில்ல. இன்னிக்கும் "ஜான்சி, எழுந்திரு"ன்னு அவருதான் எழுப்பறாரு.

உள்ள இருந்தப்ப ஒரே ஒரு தடவ போன் பண்ணாரு. எங்க பாப்பா பொறந்த நாளுக்கு மறுநாள். பத்து நிமிஷம் பேசினாரு. உப்பளம் பூரா சொல்லி சிரிச்சேன் நான். அந்தப் பத்து நிமிஷத்த வெச்சிக்கிட்டுத்தான் மீதி நாள ஓட்டினேன்.

அதே ஏரோப்ளேன்ல போனவருதான் ஹம்தான். கூனிமேட்டுக்காரரு. அங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரூமு, பக்கத்து பக்கத்து கட்டிலு. இவரு வந்துட்டாரு, அவரு வரல.

அவரு பொண்டாட்டி ஆஸிஃபா மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வந்துடும். வெறுங்கையோட வராது. என் வீட்டுக்காரருக்குன்னு கறி சமோசா சுட்டு எடுத்துட்டு வரும். வந்து உக்காந்து அதே கேள்விய கேக்கும்: "அண்ணா, நல்லா யோசிச்சுப் பாருங்க. எதனா ஞாபகம் வருதா?"

"காலையில எழுந்து பாக்கறேன் ம்மா, கட்டில் காலியா இருக்குது. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது." தலைய குனிஞ்சிக்கிட்டே சொல்லுவாரு. சமோசாவ மட்டும் தின்னுடுவாரு.

ஏஜெண்ட் என்னா பண்ணியிருக்கான்னா, "ஹம்தான் சம்பளம் ஜாஸ்தின்னு தானாவே வேற கம்பெனிக்குப் போயிட்டான்"னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டான். இல்ல, அடிச்சு இழுத்துட்டுத்தான் போனாங்கன்னு கண்ணால பாத்த ஒரு ஆளு சொன்னாத்தான் தேடச் சொல்லி மேல எழுத முடியுமாம். இல்லன்னா ஃபைல மூடிடுவாங்களாம். ஆஸிஃபா மாமியார் வீட்டுல, எவளையோ நிக்காஹ் பண்ணிட்டு அங்கயே இருக்கான்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு வயசு இருவத்தேழு. அது மூஞ்சியப் பாக்க முடியல.

சீரியலோட கடைசி பாகம் சனிக்கிழமை வந்துச்சு. யாரும் தனியா பாக்கக் கூடாது, ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசை முடிஞ்சு எங்க வீட்டு டிவியில எல்லாரும் சேந்து பாக்கணும்னு ரேகா முடிவு பண்ணிட்டா. ஏன் எங்க வீடு? "அண்ணன் இருக்காரு இல்ல? எது நெஜம், எது பொய்னு கேட்டுக்கலாம்." இதுக்கு மேல என்னத்த சொல்ல! எனக்கு வாயில நல்லா வந்துச்சு. ஆனா அவரே, "வரட்டும் விடு ஜான்சி"ன்னுட்டாரு. அவரும் ஒரு பாகம் விடாம பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. எதுக்குப் பாக்கறாருன்னு அப்ப எனக்குப் புரியல.

ஆஸிஃபாவும் அன்னிக்கு வந்துடுச்சு. அதுவும் இந்தச் சீரியல பாக்குது. "அந்த எடம் எப்டி இருக்கும்னு வேற எங்க போய் பாப்பேன் அக்கா?"ன்னு கேட்டுச்சு.

வந்ததும் வராததுமா அது சொல்லிச்சு: "அண்ணா, உங்க பக்கத்து ரூம்ல இருந்த ஒரு தம்பி திருச்சியிலேருந்து நேத்து போன் பண்ணுச்சு. எங்க வீட்டுக்காரங்கள இழுத்துட்டுப் போறப்ப பெரிய சத்தமாம். மணி மூணுன்னு சொல்லுச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம், அதனால கண்ணால பாக்கலையாம். நீங்க அதே ரூம்ல இருந்தீங்களே அண்ணா!"

"மூணு மணியா? நான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டிருந்தேன் ம்மா" அப்டின்னாரு என் வீட்டுக்காரரு.

கையில இருந்த தட்ட கீழ வெச்சுட்டு அவரப் பாத்தேன். ஆஸிஃபா கடைக்கார வீட்டுப் பொண்ணு, அதுக்கு என்னா தெரியும்? "நல்லவேளை, தூங்கினீங்க. இல்லன்னா உங்களையும் அடிச்சிருப்பானுங்க"ன்னு சொல்லிட்டு சமோசா பொட்டலத்தப் பிரிச்சு அவருக்கு நீட்டுது. உப்பளத்துப் பொம்பளைங்க பதினோரு பேரு அங்கதான் இருந்தோம். மூணு மணிக்கு உப்பளத்துக்காரன் தூங்குவானான்னு ஒருத்தி யோசிக்கல. எல்லா கண்ணும் டிவி மேல.

போட்டுக் குடுத்த ஆளு யாருன்னு காட்டிட்டான். எல்லாருக்கும் சோறு பரிமாறுற அந்தப் பெரியவரு. "அடப்பாவி! நாசமாப் போவ!"ன்னு மலர்கொடி கையச் சொடுக்கினா. ரேகா, "இவன கண்டந்துண்டமா வெட்டணும்"ன்னா. பத்து நிமிஷம் வசவுதான். என் வீட்டுக்காரரு சுவத்தோட சுவரா ஒண்டிப் போயிட்டாரு.

அப்புறம் அந்தப் பெரியவருக்கு ஒரு ஃப்ளாஷ்பேக். ஒரு பொண்ணு, ஆஸ்பத்திரி, பின்னாடி ஒரு சோகப் பாட்டு. அவ்ளோதான். அதே மலர்கொடி முந்தானைய எடுத்து மூக்கச் சிந்தறா. "பாவம்டி. அந்த மனுஷன் வேற என்னா பண்ணுவாரு?" ரேகாவும் அழுவறா. இழுத்துட்டுப் போன டீச்சரம்மாவையும் காலேஜ் பொண்ணையும் யாருக்கும் ஞாபகம் இல்ல. சீ, என்னா ஜென்மங்க! ஒரு பாட்டு போட்டா போதுமா உங்களுக்கு?

திரும்பிப் பாக்கறேன், என் வீட்டுக்காரரு மொகம் தெளிஞ்சிருக்குது. ஆறு மாசத்துல அந்த மொகத்த நான் பாத்ததில்ல. ஒரு சமோசாவ எடுத்துக் கடிச்சாரு.

ஆஸிஃபா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிடுச்சு. நான் எழுந்து சமையக்கட்டுக்குப் போய் அவரக் கூப்பிட்டேன். கதவ சாத்தினேன்.

"மூணு மணிக்கு நீ தூங்கினியா?"

பதிமூணு வருஷத்துல அவர நான் நீன்னு சொன்னதில்ல. அவரு வாயில சமோசா. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

"சொல்லு. தூங்கினியா?"

"ஹம்தான் ஒரு போன ஒளிச்சு வெச்சிருந்தான்" அப்டின்னாரு. "நாங்க எங்க இருக்கோம்னு எம்பசிக்கு அனுப்பப் பாத்தான். மூணு மணிக்கு நான் முழிச்சப்ப பாத்ரூம்ல வெளிச்சம் தெரிஞ்சுது, பாத்துட்டேன். யார்கிட்ட போன் இருக்குதுன்னு சொல்றவன் வீட்டுக்குப் பேசலாம்னு சூப்பர்வைசர் சொல்லியிருந்தான். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து இழுத்துட்டுப் போனானுங்க. அவன் என் கட்டில் கால புடிச்சிக்கிட்டான் ஜான்சி. நான் கண்ண மூடிக்கிட்டேன்."

"எத்தினி நிமிஷம் பேச விட்டான்?"

அவரு சொல்ல வேண்டியதே இல்ல. பத்து நிமிஷம். பாப்பா பொறந்த நாளுக்கு மறுநாள். ஊர் பூரா நான் சொல்லி சிரிச்ச பத்து நிமிஷம். தொட்டியில தலைய விட்டு வாந்தி எடுத்தேன்.

முதுகத் தடவ வந்தாரு. "தொடாத!"ன்னேன்.

"எல்லாரும் அழுதாங்களே ஜான்சி, நீயே பாத்த இல்ல? அந்தாளு நெலமைய புரிஞ்சிக்கிட்டாங்க இல்ல?" அவரு கேட்ட கேள்வி இது. அதுக்குத்தான் பாகம் பாகமா பாத்திருக்காரு. அவரையும் ஒரு நாள் இவளுங்க மன்னிப்பாளுங்களான்னு!

"அவளுங்க யாரு உன்ன மன்னிக்க? மன்னிக்கற ஆளு பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டிருக்குது, வா."

கையப் புடிச்சு இழுத்துட்டு நடந்தேன். ரேகா, "என்னாக்கா, கிளைமாக்ஸ் எப்டி?"ன்னு கேட்டா. அவளத் திரும்பிக்கூட பாக்கல.

ஈ.சி.ஆர். ரோட்டு ஸ்டாப்புல ஆஸிஃபா தனியா நின்னுட்டிருந்துச்சு. சுத்தி வளைக்காம சொல்லிட்டேன். "உப்பளத்துக்காரங்க மூணு மணிக்குத் தூங்க மாட்டோம் ஆஸிஃபா. இவரு முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தாரு." அப்புறம் போனு, சூப்பர்வைசரு, பத்து நிமிஷம், எல்லாத்தையும் சொன்னேன். இவரு ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னாரு. ஒண்ணையும் இல்லன்னு சொல்லல.

அடிக்கும்னு நெனச்சேன். அடிச்சிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். அது என்னையத்தான் பாத்துச்சு.

"அப்ப அவங்க எங்கள விட்டுட்டுப் போகல. இல்லக்கா?"

"போகலம்மா. வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்காரு."

"அல்லாவே" அப்டின்னு துப்பட்டாவ வாயில வெச்சு அழுத்திக்கிச்சு. அப்புறம் கேட்டுச்சு: "அந்தப் பத்து நிமிஷம் அண்ணன் என்னாக்கா பேசினாரு?"

பொய் சொல்லலாம்னு தோணுச்சு. மாதாமேல சத்தியமா தோணுச்சு.

"பாப்பாவுக்கு கேக் வெட்டினீங்களான்னு கேட்டாரு. என்னா கலரு கேக்குன்னு கேட்டாரு."

பாண்டிச்சேரி பஸ் வந்து நின்னுச்சு. ஆஸிஃபா படியில ஏறி, கம்பியப் புடிச்சிக்கிட்டு, மொத தடவையா என் வீட்டுக்காரர நேரா பாத்துச்சு. அண்ணான்னு கூப்பிடல.

"நாளைக்கு பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. தூங்கிடாதீங்க."