மூன்று சட்டிக் கலப்பை

டிராக்டரின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பின. தம்பி சட்டென்று கிளட்சை மிதித்தான். முன்பக்கம் தொப்பென்று விழுந்தது. பம்பரில் கட்டியிருந்த இரண்டு மணல்மூட்டைகளில் ஒன்று வாய் பிரிந்து, மணல் கொட்டத் தொடங்கியது.

"மூட்டை பத்தலைக்கா. இன்னொண்ணு கட்டணும்" என்றான், இறங்காமலேயே.

வரப்பில் நின்ற அவன் அக்கா, ஊருக்கு டீச்சர், நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். "உன் பொண்டாட்டியைக் கூப்பிட்டு முன்னாடி உக்கார வையேன். அவளும் எத்தனை நாள் சும்மா பாத்துட்டு இருப்பா?"

அவன் சிரிக்கவில்லை. வயலில் மூன்று சால்கள் ஓடியிருந்தன. ஒவ்வொன்றும் பத்தடி தூரம்தான். அதற்குமேல் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்திருந்தன. வண்டி முப்பத்தைந்து எச்.பி. பின்னால் மாட்டியிருந்தது மூன்று சட்டிக் கலப்பை, சட்டிபோல் குழிந்த மூன்று இரும்புத் தட்டுகள்; ஐம்பத்தைந்து எச்.பி. வண்டிக்கென்று வாங்கியது. அந்த வண்டி இருநூறு அடி தள்ளி, வரப்புக்கு அந்தப் பக்கம், அண்ணன் வீட்டு வாசலில் நின்றது.

"ஒரு சட்டியைக் கழட்டிப் பாத்தியா?"

"சட்டியைக் கழட்டலாம். சட்டத்தோட கனத்தை எங்க கொண்டுபோய்க் கழட்டுறது?"

இரண்டு வருடமாக மேல்மண்ணை மட்டும் கீறி விதைத்திருந்தான். ஒரு சாணுக்குக் கீழே மண் சிமென்ட் தரைபோல் இறுகிவிட்டது. போன அறுவடையில் பிடுங்கிய செடிகளின் வேர்கள் அந்த இறுக்கத்தில் முட்டி, பக்கவாட்டில் திரும்பியிருந்தன. இந்தமுறை ஆழமாகப் புரட்டாவிட்டால் விதைத்தும் பயனில்லை. முந்தாநாள் மழை. இன்றும் நாளையும் மண் பதமாக இருக்கும், பிறகு செங்கல்தான். வாடகை வண்டிகள் எல்லாம் யார் யார் வயலிலோ ஓடிக்கொண்டிருந்தன.

பங்கு பிரித்தவள் டீச்சர். அப்பாவுக்குப் பிறகு, ஒரு பேச்சு முற்றி அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதை நிறுத்தியபோது, நீயே எழுது என்று இருவரும் அவளிடம் விட்டார்கள். கணக்கு டீச்சர், ஒரு பக்கம் சாயமாட்டாள். நிலத்தை நடுவில் வெட்டினாள். டிராக்டர் அண்ணனுக்கு, கலப்பை முதல் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் வரை மற்றதெல்லாம் தம்பிக்கு என்று எழுதினாள். மதிப்பு இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. டீச்சருக்குக் கணக்கு வரும், கலப்பை வராது என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டாள். கல்லூரி விடுமுறைகளில் அந்த வண்டியை ஓட்டி உழுதவள் அவள். கலப்பை இல்லாத டிராக்டர் என்ன, டிராக்டர் இல்லாத கலப்பை என்ன என்று அவளுக்குத் தெரியும். முதல் மழைக்குத் தம்பி அண்ணன் வாசலுக்குப் போவான், இல்லையென்றால் அண்ணன் இங்கே வருவான் என்று கணக்குப் போட்டிருந்தாள். முதல் மழை வந்தது. தம்பி எங்கிருந்தோ ஒரு பழைய சின்ன வண்டியைப் பிடித்துவந்தான். அண்ணன் சீப்புப் பல் போல ஐந்து கொழு நீட்டிய லேசான கலப்பை ஒன்றை வாங்கினான். யாரும் யார் வாசலுக்கும் போகவில்லை.

தம்பி மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். டீச்சர் வரப்பைத் தாண்டினாள்.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து, வளைந்த கொழுவைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க டீச்சரம்மா. அங்க குதிரை முன்னங்காலைத் தூக்குதே, பாத்தீங்களா?"

"பாத்தேன். உன் சீப்பு என்ன ஆச்சு?"

அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தான். "வேர்ல மாட்டிக்கிச்சு. பின்னாடி ஏதோ இருக்குன்னே வண்டிக்குத் தெரியலை. அது பாட்டுக்குப் போயிடுச்சு, இது சட்டத்தோட முறுக்கிக்கிச்சு."

"அண்ணே, அவன் வண்டி ரெண்டு தடவை தூக்கிடுச்சு. அடுத்த தடவை மல்லாக்க விழும்."

"அவனுக்கு வாய் இல்லையா? வந்து கேக்கட்டும்."

"உனக்கு?"

அவன் கொழுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டீச்சர் நின்றுகொண்டே சொன்னாள். "பங்குல நான் தப்புப் பண்ணலை. தெரிஞ்சுதான் அப்படி எழுதினேன்."

"என்ன?"

"உங்கள்ல ஒருத்தருக்கு இன்னொருத்தர் இல்லாம ஒரு சால்கூட ஓடக்கூடாதுன்னு."

அண்ணன் எழுந்தான். கோபத்தில் அவன் காது சிவக்கும். சிவந்தது. "எங்களை என்ன, மாடுன்னு நெனச்சு நுகத்தில பூட்டினியா?"

"மாடா இருந்தா இந்நேரம் உழுது முடிச்சிருக்கும்."

"அவன் அந்த வண்டிக்கடியில போயிருந்தா?"

இரண்டு வருடமாக ஒவ்வொரு மழைக்கும் அவள் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அது. அதை இன்னொரு வாயிலிருந்து கேட்டதும் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

வரப்புக்கு அப்பால் சின்ன வண்டி மறுபடி முழங்கியது. சத்தம் ஏறியது, இன்னும் ஏறியது, திடீரென்று அறுந்தது. இருவரும் வரப்புப் பக்கம் திரும்பினார்கள். பிறகு தம்பி யாரையோ திட்டுவது கேட்டது. வண்டியைத்தான்.

அண்ணன் சாவியை எடுக்க உள்ளே போனான்.

பெரிய டிராக்டர் வயலில் இறங்குவதைத் தம்பி பார்த்தான். பின்னால் ஓடிவந்த அக்காவையும் பார்த்தான். பிறகு இறங்கி, கலப்பையைத் தன் வண்டியிலிருந்து கழற்றி மண்ணில் விட்டான். வண்டியைப் பத்தடி முன்னால் நகர்த்தி நிறுத்தினான். திரும்பி வந்து கலப்பையின் அருகில் மண்டியிட்டான்.

அண்ணன் கழுத்தைத் திருப்பி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தான். கலப்பையைத் தாங்கும் டிராக்டரின் இரண்டு இரும்புக் கைகளில் வலதுபக்கக் கை பொருந்திவிட்டது. இடதுபக்கம் எட்டவில்லை, இன்னும் கொஞ்சம் பின்னால் வரவேண்டும். இருக்கையிலிருந்து அது தெரியாது. கீழே இருப்பவன் சொன்னால்தான் உண்டு. அண்ணன் பிரேக்கில் காலை வைத்துக் காத்திருந்தான். இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பெரிய சக்கரங்களுக்கு நடுவே தம்பியின் முதுகு மட்டும் டீச்சருக்குத் தெரிந்தது.

அவன் நிமிராமல் ஒரு கையை உயர்த்தினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டங்குல வெளிச்சம்.