பாதி அகலம்

என் மனைவிக்கு முழங்கால் இரண்டும் மடங்க மறுத்த நாளிலிருந்து அவள் மாடியிலேயே இருக்கிறாள். எங்கள் மாடிப்படி பாதி வழியில் திரும்பும். அந்தத் திருப்பத்தில் பூனைகூட யோசித்துத்தான் திரும்பும். கீழே அவளுக்குப் படுக்க இடமில்லை. வீட்டின் பக்கவாட்டில் மட்டும் களை மண்டிய வெற்று நிலம் இருந்தது. அங்கே ஓர் அறை, ஒரு குளியலறை, ஒரு சன்னல். இவ்வளவுதான் கேட்டோம்.

கொத்தனார் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுவிட்டுப் போனார். அனுமதிக்கு மனு கொடுத்தோம். ஆய்வாளர் டேப்போடு வந்து சேர்ந்தார்.

அவர் டேப்பை இழுக்கும்போதெல்லாம் எங்கள் வீடு மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் வரவர வீடு சுருங்கியது. கடைசியில் கூடத்தில் நின்று தும்மக்கூட நான் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது.

"பக்கவாட்டுல கட்டுறது, மூல வீட்டோட அகலத்துல பாதிக்கு மேல போகக் கூடாது சார்" என்றார்.

"போகலையே. பாதிக்கும் குறைச்சல்தானே?"

"மூல வீடுன்னா முதல்ல கட்டுனது. உங்க சமையலறையைப் பழைய சொந்தக்காரர் அப்புறமா பக்கத்துல சேர்த்திருக்கார். செங்கல்லே வேற. அது கணக்குல வராது."

"அப்போ இத்தனை வருஷமா நாங்க எங்கய்யா சமைச்சோம்?"

"சமைக்கலாம் சார். அளக்கத்தான் கூடாது."

சமையலறையைக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கினார். கட்டில் போடலாம், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் நிற்க முடியாது. கொத்தனார் தலையைச் சொறிந்தார். "அம்மாவை மேல ஓட்டைப் பிரிச்சுத்தான் உள்ள இறக்கணும்."

மாடியில் கைத்தடி தரையில் இடித்தது. கூரையிலிருந்து காரை பெயர்ந்து ஆய்வாளரின் தலையில் விழுந்தது. என் மனைவியின் குறி தப்பாது. அன்றிலிருந்து அவருக்கு வீட்டில் பெயர் அரைவாசி.

மறுநாள் அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு ஆத்திரம். அரைவாசி நிதானமாகத் தேநீரை ஆற்றினார்.

"விதிவிலக்கு கேக்கலாம் சார். ஆனா வீடு அம்மா பேர்ல இருக்கு. அவங்க நேர்ல வந்து அதிகாரி முன்னாடி கையெழுத்து போடணும்."

"அவளால படி இறங்க முடியலைன்னுதானே கீழ ரூம் கேக்குறேன்!"

"அதையே நேர்ல வந்து சொல்லிட்டாங்கன்னா சுலபமா முடிஞ்சிரும்."

நான் அவரை அடிக்கவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் மேசை இருந்தது. அதை ஒரு குத்து விட்டேன். மேசை அரசாங்கத்துடையது, வலி என்னுடையது.

வீங்கிய கையோடு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. அவள் கத்தாதபோதுதான் எனக்குப் பயம். "ஏங்க, அந்தத் தம்பி மாடியை இன்னும் அளக்கலையே. வரச் சொல்லுங்க" என்றாள்.

வந்தார். ஏறியும் போனார். அவள் கைப்பிடி வைத்த நாற்காலியில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியும் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேர்ல வரணும்னு சொன்னியாமே? தூக்கு."

நாற்காலியின் முன்கால்களைத் தோளில் தாங்கியபடி கீழ்ப்பக்கம் அரைவாசி, பின்னால் கொத்தனார், கைத்தடியையும் மனுவையும் சுமந்துகொண்டு நான். திருப்பம் வரை நன்றாகத்தான் வந்தது. அங்கே நாற்காலி சுவருக்கும் படியின் கைப்பிடிக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுகியது. அரைவாசி கத்தினார்.

"பின்னால இழுங்க கொத்தனாரே!"

"இழுக்காதீங்க" என்றாள் அவள். "தம்பி, என் கால் நல்லா இருந்தப்போ வருஷா வருஷம் உங்க ஆபீஸ் வரிசையில நின்னு வீட்டு வரி கட்டுனேன். சமையலறைக்கும் சேர்த்துத்தான் வாங்குனீங்க. வாங்குறப்போ அது வீடு, அளக்குறப்போ இல்லையா?"

"வரி வேற பிரிவும்மா..."

"அப்படியா? அப்போ அந்தப் பிரிவுலேருந்து ஆள் வர்ற வரைக்கும் தூக்கிட்டு நில்லு."

எனக்கே அவர்மேல் இரக்கம் வந்தது. தேநீர் ஆற்றியது ஞாபகம் வந்ததும் இரக்கம் போய்விட்டது.

"அம்மா, தோள் விட்டுப் போகுது!"

"எனக்குக் கால் விட்டுப்போய் எவ்வளவு நாளாச்சு, தெரியுமா? வாரத்துக்கு ஒரு தடவை வந்து செங்கல்லைத் தட்டிப் பார்த்தியே, ஒரு தடவையாவது மேல வந்து என்னைப் பார்த்தியா?"

அவள் என்னிடம் கை நீட்டினாள். மனுவை அரைவாசியின் முதுகில் விரித்து, சமையலறையோடு சேர்த்து அகலத்தைத் திருத்தி எழுதி, கையெழுத்துப் போட்டாள். முற்றுப்புள்ளியை மட்டும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள், அவர் துள்ளினார். அந்தத் துள்ளலில் நாற்காலி விடுபட்டுக் கீழே வந்து சேர்ந்தது.

"நேர்ல வந்தாச்சு. அதிகாரி முன்னாடி, இல்ல, அதிகாரி மேலயே போட்டாச்சு."

மனுவை வாங்கிக்கொண்டு அவர் போன வேகத்தில் டேப்பைப் படியிலேயே மறந்துவிட்டார். என் மனைவி நாற்காலியைச் சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவில் போடச் சொன்னாள்.

"உத்தரவு வரட்டும்மா" என்றார் கொத்தனார்.

"வரட்டும். நான் திரும்ப மேல போக மாட்டேன். நீங்க தோண்டுங்க."

அரசாங்க டேப்பாலேயே அளந்தோம்: கட்டில், அதன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம், கதவு. உத்தரவு இன்னும் வரவில்லை. சுவர் சன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. தார்ப்பாய்க்குக் கீழே, கட்டிலில் படுத்தபடியே அவள் கொத்தனாரின் தூக்குக்குண்டைச் சரிபார்க்கிறாள்.

நேற்று அலுவலகத்திலிருந்து ஓர் ஊழியர் வந்து டேப்பைக் கேட்டார்.

"தர்றேன்" என்றாள். "உங்க ஆய்வாளரை நேர்ல வந்து, என் முன்னாடி கையெழுத்து போட்டு வாங்கிக்கச் சொல்லு."