பின்சுவர் விளக்கு

ஞானஸ்நானப் படிவம் மூன்று நாளாக டிவிப் பெட்டியின் மேல் கிடந்தது. காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் தன் பேனாவை வைத்திருந்தார் உலகநாதன். தாயின் கையெழுத்து இருந்தது. மருமகள் ஸ்டெல்லா வந்த அன்றே போட்டுவிட்டாள். ஞானப் பெற்றோர் இருவரும் போட்டாயிற்று. தகப்பன் என்று அச்சடித்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவர் அதைப் பார்க்காதவர் போலப் பார்த்துக்கொண்டு போனார். மகனிடம் நினைவூட்டவில்லை. பெற்ற பிள்ளையிடம் ஒரு கையெழுத்துக்குக் கெஞ்சுகிற வழக்கம் இந்த வீட்டில் கிடையாது.

டிசம்பர் இருபத்துநான்கு. மணி ஐந்தரை. வீடு வீடாகப் பாடிவரும் கேரல் ரவுண்ட்ஸ் ஏழுக்குள் இந்த மல்காஜ்கிரித் தெருவுக்கு வந்துவிடும். அதோடு சபைச் செயலாளர் சிவஞானமும் வருவார், படிவத்தை வாங்கிக்கொண்டு போவார். நாளைக் காலை ஆராதனையில் சபைப் போதகரான ஐயர், பேத்தி எஸ்தரைக் கையில் வாங்கிப் பெயர் சொல்லித் தண்ணீர் தெளிப்பார். போன ஞாயிறே அறிவிப்பு வாசித்தாயிற்று. உலகநாதனின் அப்பா தேவசகாயம் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றது ஒரு கிறிஸ்துமஸ் அன்று. உலகநாதனும் அப்படியே. மகன் நந்தகுமாரும் அப்படியே. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குக் குடியாத்தத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்களில், இப்படி ஒரு வரிசையைச் சொல்லிக்கொள்ள வேறு வீடு இல்லை என்பது சபையே அறிந்த செய்தி. மறந்துபோனவர்களுக்கு உலகநாதன் அவ்வப்போது ஞாபகப்படுத்துவார்.

நந்தகுமார் அமெரிக்காவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஜூன் மாதம்தான் திரும்பியிருந்தான். ஊரின் மறுகோடியில் மாதாப்பூரில் கம்பெனி, மியாப்பூரில் ஃப்ளாட். மியாப்பூரிலேயே ஏதோ ஒரு ஜெப ஐக்கியத்தில் சேர்ந்திருந்தான். பண்டிகைக்கு வந்தவன் பையிலிருந்து முறுக்கு டப்பாவுக்கு முன்னால் ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தான். ஆபீஸ் பிரிண்டரில் எடுத்த இருபது பக்கம், இங்கிலீஷில். அன்று இரவுச் சாப்பாட்டிலேயே அப்பாவிடம் ஆரம்பித்துவிட்டான்.

"நைனா, டிசம்பர் இருபத்தஞ்சுன்னு பைபிள்ல எங்கியும் கிடையாது. அது ரோமாபுரிக்காரங்க சூரியனுக்குக் கொண்டாடுன நாளு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அவங்களுக்கு இன்னொரு பண்டிக, வீட்டுக்கு வீடு விளக்கு, பரிசு, விருந்து. முந்நூறு வருசம் கழிச்சி சபை அந்த நாள எடுத்து ஏசு பேர வெச்சிடுச்சி."

"எடுத்துக்கினா இன்னா? நாளு யாரு அப்பன் வீட்டு சொத்து?"

"அடுத்தவங்க சாமி நாளுக்குப் பேர மாத்தி வெச்சா அது நம்மளுதாயிடுமா? அந்த நாள்ல என் குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கச் சொல்றீங்களா? ஜனவரில ஒரு சாதாரண ஞாயித்துக்கெழம குடுக்கலாம். நான் வேணான்னு சொல்லல."

ஜனவரியில் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை! உலகநாதன் தட்டிலேயே கை கழுவி எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டது கொஞ்சம்தான்.

ஆனால் அந்தக் காகிதங்களை அவர் படித்தார். மறுநாள் காலை மகன் குளிக்கப் போனதும் எடுத்தார். சார்ஜ்மேன் என்ற மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர்; இயந்திரங்களோடு வரும் இங்கிலீஷ் கையேடுகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகிய கண். தேதிச் சண்டையெல்லாம் முதல் ஏழு பக்கத்தில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வேறு கதை. அடிமைகளும் விதவைகளும் கூலிக்காரர்களுமாக இருந்த, ஏசு பேரைச் சொன்ன ஒரு சின்னக் கூட்டம் எப்படி அவ்வளவு பெரிய ராஜ்யத்தில் பரவியது என்ற கதை. ஒரு பக்கத்தில் கொள்ளைநோய். பட்டணத்தில் முடிந்தவர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள், பெற்றவர்களையே தெருவில் விட்டுவிட்டு. இந்தக் கூட்டம் போகவில்லை. யாரென்று பார்க்காமல் தண்ணீர் கொடுத்தது, பிணத்தை எடுத்துப் புதைத்தது, தானும் செத்தது. பிழைத்து எழுந்தவன் கண் திறந்தபோது யார் முகத்தைப் பார்த்தானோ அவர்களோடே போய்விட்டான். அந்த இடம் வந்ததும் உலகநாதன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கோடு போட்டார். ஏன் போட்டோம் என்று யோசிக்காமலே கட்டைப் பழையபடி வைத்துவிட்டார்.

இப்போது ஸ்டூலில் ஏறி வாசலில் நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். மகன் வந்து ஒயரைப் பிடித்துக் கொடுப்பான் என்று பத்து நிமிடம் பார்த்தார். வரவில்லை. ஸ்டெல்லாதான் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எறங்குங்க. நான் கட்டுறேன்."

"நக்கோ, வேணா. நான் இன்னும் சாவல."

அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவரு போட மாட்டேன்னு சொல்லல மாமா. உள்ளுக்குள்ள ஒண்ணு உறுத்துதாம். நீங்களே ஒரு வாட்டி கூப்புட்டுப் பேசுங்களேன்" என்றாள். உலகநாதன் முடிச்சை இரண்டு மடங்காக இறுக்கினார்.

உள்ளே போன் அடித்தது. சிவஞானம். பின்னால் டிரம் சத்தம், யாரோ கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடிக்குள்ளிருந்து இருமுகிற சத்தம்.

"அண்ணே, மெட்டுகுடா முடிச்சிட்டோம். அங்கதான் வந்துக்கினு இருக்கோம். ஃபார்ம் ரெடியா? தகப்பன் கையெழுத்து இல்லாம குடுத்துட்டு அப்பறம் என்னியப் போடச் சொல்லாதீங்க, எனக்கு ஏற்கெனவே மூணு புள்ளைங்க இருக்குது!"

"ஹவ், ஹவ். ஆமா, ரெடி" என்று சொல்லி ரிசீவரை வைத்தார். பொய் சொன்னது காதில் ரீங்கரித்தது. திரும்பினால் நந்தகுமார் டிவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், குழந்தையை இடது தோளில் போட்டுக்கொண்டு. மற்றக் கையில் அந்தக் காகிதக் கட்டு.

"இந்தக் கோடு நீங்க போட்டதா நைனா?"

உலகநாதன் போன் ஒயரை நேராக்கினார். சமையலறையில் மனைவி கமலா எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. முதல் அச்சுமுறுக்கு எப்போதும் தனியாக ஒரு வாழையிலைத் துண்டுக்குப் போகும். இலையும் ஒரு அகல்விளக்கும் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு மேலே சுவரில் இருக்கிற மாடத்துக்குப் போகும். வருடத்துக்கு ஒரு நாள், இந்த மாலையில் மட்டும். அதன்பிறகுதான் வீட்டில் யாரும் வாயில் எதையும் வைக்கலாம்.

"ஒண்ணு கேக்குறேன்" என்றான் நந்தகுமார். "கோவப்படாம சொல்லுங்க. பின்னாடி மாடத்துல அம்மா விளக்கு வெக்கிறாங்களே, அது இன்னாது?"

"தாத்தாவுக்கு. உனக்குத் தெரியாதா?"

"சின்ன வயசுலேர்ந்து அதத்தான் சொல்றீங்க. தாத்தா நெனப்புக்குத்தானா? வேற ஒண்ணும் இல்லியே?" குழந்தை அவன் காதைப் பிடித்து இழுத்தது; அவன் தலையைச் சாய்த்துக்கொண்டான். "அது மட்டுந்தான்னா நான் இப்பவே போடுறேன். தேதி விசயத்த முழுங்கிக்கிறேன், உங்களுக்காக. ஆனா ஏசு பேரச் சொல்லிக்கினு வீட்டுக்குள்ள வேற ஒண்ண வெச்சிக்கினு இருக்கோம்னா, அதுல கொண்டுபோய் இவள நிறுத்த மாட்டேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதான் உங்களக் கேக்குறேன்."

சமையலறையில் சத்தம் நின்றுவிட்டது. கமலா கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த உலகத்தில் அந்த விளக்கின் கதை தெரிந்தவர்கள் இரண்டே பேர். உலகநாதனின் கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பா தேவசகாயம் அவரைப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். சொல்லி முடித்ததும், யார் கேட்டாலும் செத்துப்போன தாத்தாவுக்கு என்று சொல், போதும் என்றார். உலகநாதன் மனைவிக்கு மட்டும் சொன்னார். இருபத்திரண்டு வருடம் சபைக் கமிட்டியில் இருந்தவர். பிள்ளை இடுப்பில் தாயத்துக் கட்டினான் என்பதற்காக ஒரு ஃபிட்டரைக் கமிட்டியின் முன்னால் நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர். "வீட்டுக்குள்ள எதயாவது ஒளிச்சி வெச்சிக்கினு திருவிருந்துப் பந்திக்கு வர்றியா?" என்று அன்று கேட்ட தன் குரல் அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. அந்த ஃபிட்டர் அழுதான். பிறகு சபைக் கோயில் பக்கமே வரவில்லை.

"தாத்தாவுக்குத்தான்" என்றார் உலகநாதன்.

நந்தகுமார் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு காகிதக் கட்டை நாற்காலியில் போட்டுவிட்டு, படிவத்தின் மேலிருந்த பேனாவை எடுத்தான். வாயால் மூடியைக் கழற்றினான். சின்ன வயதிலும் அப்படித்தான் கழற்றுவான், அடி வாங்கியும் திருந்தாத பழக்கம். குழந்தையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு குனிந்தான். வாசலில் நின்ற ஸ்டெல்லா மூச்சு விட்டது இங்கே கேட்டது. தெருமுனையில் டிரம் கேட்க ஆரம்பித்தது.

ஜெயித்தாகிவிட்டது. நாளைக் காலை முதல் வரிசை, வெள்ளைச் சட்டை, பேத்தி. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் மகன் குனிந்த முதுகை அவர் பார்த்தார். அவன் தேதியை நம்பவில்லை, நம்பிய காகிதத்தையும் நாற்காலியில் போட்டுவிட்டான். அப்பன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையை நம்பிக் குனிந்திருக்கிறான். அந்த வார்த்தை பொய் என்றால் இந்த வீட்டில் வேறு என்ன கௌரவம் மிச்சம்?

"இரு."

நந்தகுமார் நிமிர்ந்தான்.

"தாத்தாவுக்கு இல்ல." அவர் நின்ற நிலை மாறவில்லை, கமிட்டியில் தீர்மானம் வாசிப்பவர் போல நேராக நின்றே சொன்னார். "என் தாத்தா பேரு மொதல்ல தானியேல் இல்ல. முனியன். ஏரிக்கரை முனீஸ்வரனுக்குப் பூசாரி. மார்கழியில ஏரிக்கரையில விளக்கு வெக்கிறது எங்க வீட்டு முறை. ஒரு வருசம் காலரா வந்திச்சி. ஊரே ஓடிடுச்சி. எங்க பாட்டி அஞ்சு பெத்தவ. மூணு போயிடுச்சி. எடுத்துப் பொதைக்க ஆளு இல்ல. மிஷன் உபதேசியாரும் அவரு சம்சாரமும்தான் வந்தாங்க. மீதி ரெண்டுக்கும் கஞ்சி ஊத்தி, பீ மூத்திரம் அள்ளி..." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதுல ஒண்ணு எங்க நைனா. அப்ப கைக்கொழந்த."

கமலா சமையலறை வாசலுக்கு வந்திருந்தாள். கையில் இலை, இலைமேல் அச்சுமுறுக்கு, மற்றக் கையில் இன்னும் ஏற்றாத அகல்.

"தாத்தா அவங்களோட சபையில சேந்து தானியேல் ஆயிட்டாரு. அவரே கடப்பாறையால சாமிக் கல்ல ஒடச்சிட்டாரு. பாட்டி மட்டும், கல்லு போவட்டும், மிச்சம் ரெண்டு பேரு பொழச்சிருக்காங்களே, இந்த விளக்க நான் எங்க வெப்பேன்னு உபதேசியாரக் கேட்டாளாம். அதுக்கு அவரு, வெய்யி தாயி, எங்காண்டவரு பொறக்குற அன்னிக்கி வெய்யி, அவருக்கும் வெளிச்சம் வேணும்னு சொன்னாராம். அந்த விளக்குதான். நாளும் அதான். ஒன் ரோமாபுரிச் சபை பண்ணதத்தான் எங்க பாட்டியும் பண்ணா." அவர் படிவத்தைப் பார்த்தார், மகனைப் பார்க்கவில்லை. "நான்தான் வெக்கப்பட்டுக்கினு மூடி வெச்சேன். இப்ப போடுறதுன்னா போடு. போடாட்டிப் போ."

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. சிவஞானம் வாசலிலிருந்தே, "கமலாக்கா! இந்த வருசமாவது கேக்கு உண்டா, இல்ல மறுபடியும் பல்லு ஒடைக்கிற அச்சுமுறுக்குதானா?" என்று கத்தினார். சிரிப்பு. டிரம் ஒருமுறை உறுமி நின்றது. பாட்டுக்குச் சுருதி சேர்க்கிறார்கள்.

கமலா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தீக்குச்சியை உரசி அகலை ஏற்றினாள். நாற்பது வருடமாகச் சமையலறைக்குள்ளேயே ஏற்றி, முந்தானையால் மறைத்துப் பின்கதவு வழியாகக் கொண்டுபோவாள். இன்று இருட்டின கூடத்தின் நடுவே, திறந்த வாசலுக்கு நேராக, எல்லோரும் பார்க்க நடந்தாள். வாசல் பக்கமிருந்து மார்கழிக் காற்று ஒரு வீச்சு வந்தது. நாற்காலியில் கிடந்த காகிதங்கள் சரசரத்துத் தரையில் இறங்கின. சுடர் படுத்துக்கொண்டது. இலை ஒரு கையில், விளக்கு ஒரு கையில்; அவளால் பொத்திக்கொள்ள முடியவில்லை.

நந்தகுமாரின் கை தானாக நீண்டது. உள்ளங்கையைக் குழித்துச் சுடரின் காற்றுப் பக்கம் வைத்தான். விரல்களுக்கு நடுவே மூடி இல்லாத பேனா அப்படியே இருந்தது. வெளியே முதல் அடியைப் பாட ஆரம்பித்தார்கள். அவன் நகரவில்லை, அம்மாவும் நகரவில்லை. தோளிலிருந்த குழந்தை உடம்பைத் திருப்பி, அப்பனின் விரலிடுக்கில் சிவப்பாகத் தெரிந்த வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டியது.