திறக்காத தாழ்ப்பாள்

"இன்னைக்கும் பெரட்டுக்கு வரலேன்னா கணக்கப்புள்ள பேர வெட்டிருவாரு, காம்பராவும் போயிரும்…"

"வரமாட்டேன்னா சொல்றேன்? கையி வரலையேங்க…"

"கையி, கையி! கொழுந்தெடுக்குற கையிக்குத் தாழ்ப்பாள் இழுக்க வராதாக்கும். ஒன் மண்டைக்குள்ள குதிர இருக்குன்னு டாக்டரய்யா சொன்னாராமே, அது பெரட்டு நேரத்துல மட்டுந்தான் நொண்டுமா?"

மாரியாயி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் இராசையா அடுப்போரம் குந்தி, தப்பின் தோலை அனலில் திருப்பித் திருப்பிக் காய்ச்சிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் அவன் தப்படித்தால்தான் லயத்து வரிசையில் காம்பராக் கதவுகள் திறக்கும், ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் சேருவார்கள். லயங்களைக் கொளுத்திய ஆடிக் கலவரம் முடிந்து எட்டு மாதமாக இந்த ஒரு கதவு மட்டும் திறப்பதில்லை. அவன் திறந்து வைத்துவிட்டுப் போனாலும், வெளியே தப்பு ஒலித்ததும் அவளே எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிடுவாள். பிறகு விரல் மரத்துப்போகும். மாசியில் காமன் கூத்துத் திடலில் இதே தப்புக்கு முன்னால் குலவையிட்டவள்தான். அதனால்தான் அவனுக்கு இது நடிப்பாகத் தெரிந்தது.

தோட்டத்து டாக்டர் சிவசுப்பிரமணியம் யாழ்ப்பாணத்து மனிதர். "மூளைக்குள்ள கடல்குதிரை மாதிரி சின்னத் துண்டொண்டு இருக்குது, பிள்ளை. பயந்த நேரத்தில இடம், சத்தம், மணம் எல்லாத்தையும் அது ஒரே முடிச்சாக் கட்டிப்போடும். அதே இடத்தில ஒரு நுனியை இழுத்தா முழுக்க வரும்" என்றார். கடலையே பார்க்காத மாரியாயி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அவளுக்கு முழுக்க வந்ததில்லை. பூட்டிய காம்பராவில் அவளும் தங்கை பூவாயியும், வெளியே கொளுத்த வந்த கும்பல், மண்ணெண்ணெய் நாற்றம். அவ்வளவுதான் ஞாபகம். பூவாயியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் அவள் திரும்பாததும் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தவை.

"எந்திரி புள்ள. நீ முன்னால வெளிய போ, பொறவு நான் அடிக்கிறேன்."

அவள் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. வழக்கமாக வாசலுக்குப் போய்த்தான் அவன் தோலைச் சரிபார்ப்பான். இன்று மழை. உட்கார்ந்த இடத்திலேயே நான்கு தட்டுத் தட்டினான், பெரட்டுக்குத் தட்டுகிற அதே தட்டு. தாழ்ப்பாளைத் திறக்கப் போன கையோடு அவள் அதைக் கேட்பது இந்த எட்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

காம்பரா மண்ணெண்ணெயாக நாறியது. "அக்கா, பெரட்டுத் தப்புக்கா! அவனுங்க போயிட்டானுங்க, மச்சான் நம்மளக் கூப்புடுறாரு" என்று தோளுக்குப் பின்னால் பூவாயி சிரித்தாள். தாழ்ப்பாளை இழுத்தது இந்தக் கைதான். பூவாயிதான் முதலில் ஓடினாள். படி இறங்கும் முன்பே, போனவர்கள் கீழ் லயத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன புள்ள, மரம் மாதிரி நிக்குற? தொற."

அவள் திரும்பினாள். அவன் கையில் குச்சி ஓங்கியபடியே நின்றது.

"ஏங்க, அன்னைக்கு அவனுங்க போயிட்டானுங்கன்னு பாத்துட்டுத்தான அடிச்சீங்க?"