தானாகக் கிளம்பும் வண்டி

விடிவதற்கு முன்னால் அந்த வண்டியை எழுப்பியாக வேண்டும். எழுப்புவது என்றால் சாவியைத் திருப்புவது அல்ல. அதெல்லாம் முதலாளிமார் மனசுக்குள் ஓட்டும் வண்டி.

சிமெண்ட் கல் பட்டறை சாலைக்குக் கீழே, பள்ளத்தில் இருந்தது. இறங்கும் சரிவின் நடுவில், பள்ளத்தைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு பிக்கப் நிற்கும். முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை. அதைச் செருகுவதும் உருவுவதும் அங்கே கல் சுமக்கும் ஒருத்தியின் வேலை என்பதால் பட்டறையில் அவளுக்குக் கட்டைக்காரி என்று பெயர்.

"உருவும்மா!" என்று உள்ளே இருந்து டிரைவர் கத்துவார்.

அவள் உருவுவாள். உருவிய கையோடு ஓடி, மற்றவர்களோடு தோள் கொடுப்பாள். பனியில் நனைந்த தகடு தோளைச் சில்லென்று கடிக்கும். செருப்பு வழுக்கும். முந்தின நாள் கல் சுமந்த முதுகு முனகும். வண்டி உருளத் தொடங்கியதும் டிரைவர் கிளட்சை விடுவார். அது குலுங்கி, இருமி, செருமி, கடைசியில் பெரிய மனசு பண்ணிக் கிளம்பும். தள்ளியவர்கள் முகத்தில் ஒரு பொதி கரும்புகை.

"இன்னிக்கும் பவுடர் போட்டு விட்டுட்டான்யா" என்பாள் நெட்டை. கல் அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை, வாயிலும்தான்.

கூலி நடைக்கு இவ்வளவு என்று கணக்கு. வண்டி போனால்தான் கூலி. அதனால் தள்ளினார்கள். முதலாளி வந்து இறங்கும்போது வெயில் ஏறியிருக்கும், வண்டி ஒரு நடை போய் வந்து, சூடாக, சமர்த்தாக உறுமிக்கொண்டிருக்கும். இத்தனை வருஷத்தில் அது கிளம்ப மறுத்து அவர் பார்த்ததே இல்லை.

முதலாளிக்கு அவர்கள் வைத்த பெயர் தன்னுழைப்பு. அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட பெயர் என்றே சொல்லலாம். "யார் கையையும் எதிர்பார்க்காம வளந்தவன் நான்" என்பதைக் கல் வாங்க வருகிறவனிடம் சொல்வார், வழி கேட்டு வருகிறவனிடமும் சொல்வார். மாமனார் கொடுத்த இடத்தில், மாமனார் வாங்கிக் கொடுத்த வண்டியோடு, மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார்.

மெக்கானிக் அவரிடம் எப்போதோ சொல்லிவிட்டார். "பாடி இரும்பா இருக்கு, அடிச்சட்டமும் நல்லா இருக்கு. எஞ்ஜின்தான் போச்சு. ரிங்கெல்லாம் தேஞ்சு ஆயிலக் குடிக்குது. இனி ஒட்டுப் போட்டு ஓட்டுறது வீண். வேற எஞ்ஜின் ஏத்துங்க, இன்னும் பல வருஷம் ஓடும்."

தன்னுழைப்பு மீட்டரைத் தொட்டுக் காட்டினார். "எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு பாத்தியா? இது சிங்கம்யா. சிங்கத்துக்கு நெஞ்ச மாத்தச் சொல்றியே!"

மீட்டர் நின்று போய் எத்தனையோ காலம். அது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. சிங்கத்துக்கு ஒரு பாட்டு ஹாரன் வந்தது. எஞ்ஜின் வரவில்லை.

போன வாரம், முழுப் பாரத்தோடு சரிவில் ஏறும்போது சிங்கம் பாதியில் மூச்சை விட்டது. எஞ்ஜின் நின்றதும் பிரேக் பெடலும் கல்லாக இறுகிவிட்டது. டிரைவர் எழுந்து நின்று மிதித்தும் பிடிக்கவில்லை. கட்டைக்காரி பின்சக்கரத்துக்குக் கட்டையைப் போட்டாள். சக்கரம் அதை ஏறி மிதித்துக்கொண்டு வந்தது. பின்னால் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த அவள் தம்பியின் கால் அடியில் மாட்டியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அவள் ஆபீஸ் அறைக்குள் போனபோது தன்னுழைப்பு பெயிண்ட் கலர் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி எப்படி இருக்கான்? நல்லாருக்கானா? நல்லது. தங்க மஞ்சளா, வெறும் மஞ்சளா, எது எடுப்பா இருக்கும்?"

"முதலாளி, எஞ்ஜின மாத்திடுங்க. அடுத்தது யார் காலுன்னு தெரியாது."

"கட்டைய நேரத்துக்குப் போட்டிருந்தா கால் போயிருக்குமா? கட்டை யார் பொறுப்பு?"

"போட்டேன் முதலாளி. ஏறி வந்துடுச்சு. காலையில அது ஸ்டார்ட் ஆகுறதே இல்ல. நாங்கதான் தினம் தள்ளி விடுறோம்."

அவர் சிரித்தார். பெருந்தன்மையான சிரிப்பு. "நான் வர்றப்பல்லாம் ஜம்முன்னு ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? சாவி போட்டா தானா கிளம்புற வண்டிம்மா அது. தப்ப மறைக்க வண்டி மேல பழி போடாத. சனிக்கிழமை முதலாளிங்க சங்கத்து ஆளுங்க வர்றாங்க, இத்தனை லட்சம் ஓடின வண்டின்னு ஒரு சின்ன விழா. நானே ஓட்டிக்கிட்டு மேல ஏறி ரிப்பன் வெட்டப் போறேன். எல்லாரும் சுத்தமா வாங்க."

அன்று சாயங்காலம் கல் அடுக்கின் மறைவில் கூடினார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அவர் பொய் சொல்லலண்ணே" என்றாள் டிரைவரிடம். "நிஜமாவே தானா கிளம்புதுன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்காரு. நாமதான் அப்படி நினைக்க வச்சிருக்கோம். நாம தள்ளுற வரைக்கும் அவருக்கு அது நல்ல வண்டிதான். இன்னொரு கால் போனாலும் நல்ல வண்டிதான்."

"தள்ளலேன்னா நடை இல்ல. நடை இல்லேன்னா அடுப்பு எரியாது" என்றார் டிரைவர். பேத்திக்குச் செருப்பு வாங்க முடியாமல் திண்டாடும் மனிதர். "என்னை எடுத்துட்டு வேற டிரைவர வைப்பான்."

"வைக்கட்டுமே" என்றாள் நெட்டை. "அந்த மகராசனும் ஏறி உக்காந்து எங்களப் பாத்துத்தானே 'தள்ளுங்க'ம்பான்?"

டிரைவர் எழுந்து போய்ச் சாவியை ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டு வந்து, "சனிக்கிழமை நானும் சுத்தமா வர்றேன்" என்றார்.

சனிக்கிழமை, சரிவின் அடியில் மேலே பார்த்து நின்ற வண்டி தங்க மஞ்சளில் மின்னியது. பெயிண்டர் இன்னும் ஒரு நாள் காயட்டும் என்றானாம். தன்னுழைப்புக்குப் பொறுக்கவில்லை. பின்கதவில் 'என் கையே எனக்கு உதவி' என்று எழுதியிருந்தது. சங்கத் தலைவரும் பக்கத்துப் பட்டறை முதலாளிகளும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். சரிவின் உச்சியில் சிவப்பு ரிப்பன். அதற்கு அந்தப் பக்கம், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துப் பட்டறை ஆட்கள்.

கட்டைக்காரியும் மற்றவர்களும் வண்டிக்குப் பின்னால், கல் அடுக்கோரம் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, கட்டு போட்ட காலை நீட்டி, அந்த மரக்கட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

தன்னுழைப்பு கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

சளி கட்டிய தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு சத்தம். மறுபடி திருப்பினார். மறுபடி கனைப்பு. அவர் முகம் முதலில் ஆச்சரியப்பட்டது, பிறகு அவமானப்பட்டது. பாட்டு ஹாரனை அழுத்தினார். அது மட்டும் அழகாகப் பாடியது.

"என்ன பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க? வந்து தள்ளுங்க!"

"தள்ளணுமா?" என்றார் சங்கத் தலைவர், கள்ளங்கபடமில்லாமல்.

"தானா கிளம்புற வண்டின்னு நீங்கதானே சொன்னீங்க முதலாளி" என்றாள் கட்டைக்காரி. உட்கார்ந்தபடியே சொன்னாள். "எஞ்ஜின் வரட்டும். தம்பிக்கு வைத்தியச் செலவும் வரட்டும். அப்புறம் வர்றோம்."

வேறு வழியில்லாமல் வெள்ளைச் சட்டைகள் தள்ளின. வண்டி ஒரு சாண் நகர்ந்து, போதும் என்று நின்றுவிட்டது. கையை எடுத்தவர்கள் உள்ளங்கையைப் பார்த்துக் கூசிப்போனார்கள். எல்லார் கையும் தங்கமாக இருந்தது. பின்கதவில் எழுத்தின் மேல் பத்துப் பன்னிரண்டு கைரேகைகள்.

"நல்லாப் பாருங்கடி, எத்தனை கை உதவிக்கு வந்திருக்கு!" என்றாள் நெட்டை.

தன்னுழைப்பு ஜன்னலில் தலையை நீட்டி மேலே கத்தினார். "டேய், நீங்க வாங்கடா! கூடக் கூலி தர்றேன். இவங்க எல்லாருக்கும் இன்னியோட வேலை முடிஞ்சுது!"

டிரைவர் கல் மேல் உட்கார்ந்தபடியே இருந்தார்.

பக்கத்துப் பட்டறைக்காரன் ஒருவன் ரிப்பனுக்கு அடியில் குனிந்து இறங்கி வந்தான். வண்டியைப் பார்த்தான். நீட்டிய காலைப் பார்த்தான்.

"இப்படித்தான் போச்சா, தம்பி?"

தம்பி தலையாட்டினான்.

"எங்க பட்டறை வண்டியும் தானாத்தான் கிளம்புது" என்று சொல்லிவிட்டு, அவன் கல் மேல் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டை வரிசையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று துடைப்பதை நிறுத்தினார். மேலிருந்து இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். பிறகு நான்கு பேர்.

தன்னுழைப்பு சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கனைப்பு தேய்ந்து, முனகலாகி, வெறும் டிக் என்றானது.

"எந்திரிடா" என்றாள் கட்டைக்காரி. தம்பியை நெட்டை தாங்கிக்கொண்டாள். கட்டைக்காரி கட்டையை எடுத்துக்கொண்டு போய், குனிந்து, பின்சக்கரத்துக்கு அடியில் இறுக்கமாகச் செருகினாள்.

"இது எதுக்கு?" என்று உள்ளேயிருந்து அவர் சீறினார்.

"நாளைக்கும் இங்கதானே நிக்கப்போகுது முதலாளி" என்றாள். "உருண்டுடக் கூடாது பாருங்க. நாங்க எல்லாரும் பின்னாலதான் உக்காந்திருப்போம்."