ரீச்சரின் முதுகில் சோமசேகரம்

டொக்டர் சொன்னது வண்டிலைப் பற்றி மட்டும்தான். இனிமேல் சவாரி வண்டிலில் ஏறினால் இடுப்பில் நாரி எலும்பு சோளப்பொரி போலச் சிதறிவிடும் என்று எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குதிரையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இதைச் சோமசேகரம் தன் மனைவி கமலாவதிக்கு நேரம் காலம் பார்க்காமல் எடுத்து விளக்கினார்.

தென்மராட்சியில் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி என்றால் சோமசேகரம்தான். அவர் காளைகளை ஓட்டியது கம்பால் அல்ல, தொண்டையால். கொடிகாமத்தில் நின்று "ஹோய்" என்று ஒரு சத்தம் வைத்தால் நெல்லியடியில் படுத்திருக்கும் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு எழும்பும். அப்பேர்ப்பட்ட மனிதனை வீட்டில் இருத்தி வைக்க முடியுமா? காளைகளை விற்ற நாளிலிருந்து கிணற்றடிக்கும் வாசல் படலைக்கும் நடந்து நடந்து வளவுக்குள் ஒரு வாய்க்காலையே உண்டாக்கிவிட்டார். மாரி வந்ததும் அதில் மீன்குஞ்சு ஓடியது. கதிரையில் இருந்தால் கால் ஆடும். காலோடு கதிரை ஆடும். கதிரையோடு அலுமாரியில் இருந்த பீங்கான் கோப்பைகள் எல்லாம் ஒன்றோடொன்று கதைக்கத் தொடங்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் எமில்ராஜிடம் ஒரு குதிரை வேலையில்லாமல் நிற்கிற செய்தி வந்தது. எமில்ராஜ் கலியாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவன். மலைநாட்டில் பந்தயம் ஓடி ஓய்ந்த வெள்ளைப் பெண்குதிரை ஒன்றை வாங்கி வந்திருந்தான். கடதாசியில் அதற்கு முழ நீளத்தில் ஒரு இங்கிலிஷ் பெயர் இருந்தது. அவன் கூப்பிட்டது 'ரீச்சர்' என்று. பிழை விட்டவனை அது திரும்பிப் பார்க்கிற பார்வை, பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்து ரீச்சரின் பார்வை. ஆனால் மேளச் சத்தமோ வெடிச் சத்தமோ கேட்டால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். நீர்வேலியில் ஒரு மாப்பிள்ளையை முதுகில் வைத்துக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்தில் அது நின்ற நிலையில், வாழை குலை தள்ளி, குலை பழுத்தும் போனதாம். அதோடு கலியாண வேலை போய்விட்டது. நல்ல கை ஒன்று கிடைத்தால் சும்மாவே கொடுப்பேன், கிடைக்காவிட்டால் வந்த மலைக்கே லொறி ஏற்றுவேன் என்று எமில்ராஜ் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சோமசேகரம் தன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போய் நின்றார்.

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி, அங்கிருந்து ரீச்சரின் முதுகுக்கு மாறினார். மாறிய உடனேயே பழக்கதோஷத்தில் "ஹோய்" என்று ஒரு சத்தம் வைத்தார். ரீச்சர் கல்லாய் நின்றது. மெல்லத் தலையைத் திருப்பி அவரை மேலும் கீழும் பார்த்தது. பிறகு முன்தோளைச் சற்றே இறக்கி, வேண்டாத சாமானை இறக்கி வைப்பதுபோல அவரை வைக்கோல் போரில் இறக்கி வைத்தது.

மறுநாள் வாயைப் பொத்திக்கொண்டு, மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கிற மாதிரிக் கடிவாளத்தை வலித்துப் பிடித்தார். ரீச்சர் பின்னுக்கு நடந்தது. அவர் இன்னும் இழுத்தார், அது இன்னும் பின்னுக்கு நடந்தது. கொடிகாமம் சந்தைக்கு முன்பக்கத்தால் போன ஆட்களை அவர் கண்டிருக்கிறார். முதுகுப் பக்கத்தால் போய்ச் சேர்ந்த முதல் ஆள் அவர்தான். கத்தரிக்காய்க் குவியலுக்குக் கிட்டப் போன பிறகுதான், கயிற்றை விட வேண்டும் என்று அவருக்கு உறைத்தது. விட்டார். அது நின்றது.

"நீங்கள் கேக்கிறதைத்தான் அவள் செய்யிறாள், அண்ணை," என்றான் எமில்ராஜ். "நீங்கள்தான் எல்லாத்தையும் ஒரே நேரத்திலை கேக்கிறியள்."

அவருக்குப் பிடிபடாமல் இருந்தது கால்தான். வாயை அடக்கினார், கையை அடக்கினார். ஆனால் பிறந்த நாள் முதல் ஆடுகிற காலை யார் அடக்குவது? குதிக்கால் காரணமில்லாமல் ஒருதரம் விலாவில் பட்டால் போதும், ரீச்சர் நின்றுவிடும். மன்னிப்புக் கேட்கும் வரைக்கும் நிற்பதுபோல நிற்கும்.

ஆகவே வீட்டில் பழகத் தொடங்கினார். விறாந்தைக் கதிரையில் அசையாமல் இருந்தார். கோப்பைகள் கதைக்கவில்லை. அந்த அமைதியில் பயந்துபோன கமலாவதி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, திருநீறும் பூசினாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்ன வருத்தம்?"

"குதிரை ஓடுறன்," என்றார் அவர், உதடு அசையாமல்.

அவள் அன்று இரவு அவருக்குக் கஞ்சிதான் கொடுத்தாள்.

ஒரு காலைப்பொழுதில், அறுத்த வயல்வெளியில், அவர் களைத்துப்போய் ஒரு நீண்ட மூச்சு விட்டார். வேறொன்றும் செய்யவில்லை. ரீச்சர் நடக்கத் தொடங்கியது. இடதுபக்கத்துப் பனையைப் பார்த்தார், அது இடதுபக்கம் திரும்பியது. சோமசேகரத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் கத்தியது வீணோ என்று ஒரு நிமிடம் யோசித்தார். அடுத்த நிமிடமே அதைச் சொல்லித் திரியத் தேநீர்க் கடைக்குப் போனார்.

அங்கே பழைய போட்டிக்காரர் குகதாசன் இருந்தார். தன் சோடிக் காளைகளோடு அந்தக் கிழட்டுக் குதிரை ஓடுமா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஓட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று.

எமில்ராஜ் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

"வெல்லுறதும் தோக்கிறதும் உங்கடை பாடு, அண்ணை. ஆனா அவளுக்குக் கத்தினாலோ, வாயைப் பிடிச்சு இழுத்தாலோ, காலாலை குத்தினாலோ, பின்னேரமே லொறி வரும். சொன்னபடி நடந்தால் அவள் உங்களோடை. அவ்வளவுதான்."

அந்தக் கிழமை முழுக்கச் சோமசேகரம் நித்திரை கொள்ளவில்லை. ஓட்டத்தை நினைத்தால் கால் துடித்தது, லொறியை நினைத்தால் நெஞ்சு துடித்தது. லொறிதான் அதிகம் துடிக்க வைத்தது.

ஓட்டத்தன்று திடலில் குடாநாடே வந்து நின்றது. இடம் போதாமல் ஆட்கள் ஒருவர் நிழலில் ஒருவர் நின்றார்கள். குகதாசன் வண்டிலில் ஏறி, சோமு, நாரி பத்திரம் என்று குரல் கொடுத்தார். கொடி விழுந்தது. விசிலும் தகரமும் கூக்குரலும் ஒன்றாய்க் கிளம்ப, காளைகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன.

ரீச்சர் கல்லாய் நின்றது.

சனம் சோமசேகரத்தைப் பார்த்துக் கத்தியது. அடி என்றார்கள், உதை என்றார்கள். அவரோடு கூட ஓடிய பழைய சவாரிக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். அந்தப் பழைய "ஹோய்" அடிவயிற்றில் புறப்பட்டு, நெஞ்சுக்கு வந்து, தொண்டையில் வந்து நின்று கதவைத் தட்டியது. கண்ணில் நீர் வர அதை விழுங்கினார். வலதுகால் பெருவிரல் தனியே ஆடப் பார்த்தது. செருப்புக்குள் அதை மடக்கிப் பிடித்தார். தூரத்தில் புழுதி சிறுத்துக்கொண்டே போனது. கையில் கடிவாளம் தளர்ந்தே கிடந்தது.

காளைகளோடு சேர்ந்து சத்தமும் மற்ற முனைக்கு ஓடிப்போயிற்று. இந்த முனையில் சனம் அலுத்து வாயை மூடியது. ரீச்சரின் ஒரு காது அவர் பக்கம் திரும்பியது.

சோமசேகரம் மூச்சை விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கண்டவர்கள் ஆளுக்கொரு விதமாய்ச் சொல்கிறார்கள். குதிரையின் கால் நிலத்தில் படவேயில்லை என்பது அவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டது. காற்று அவருடைய சால்வையைப் பறித்துக்கொண்டு போய் வடமராட்சியில் எங்கோ போட்டது. சோமசேகரம் ஒன்றும் செய்யவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றுமே செய்யாமல் இருந்தார்.

எல்லைக் கோட்டை அவர் கடந்தபோது குகதாசன் காளைகளை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, தானும் ஒரு தேநீரைக் குடித்து முடித்திருந்தார்.

"மாட்டோடை ஓடித் தோத்த குதிரையை உலகத்திலை இண்டைக்குத்தான் காணுறன், சோமு," என்றார்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சோமசேகரம் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவருடைய கண் எமில்ராஜைத் தேடியது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ரீச்சரின் வாயோரத்தைத் தொட்டுப் பார்த்தான், விலாவைத் தடவிப் பார்த்தான். பிறகு தோளில் கிடந்த கட்டுக்கயிற்றை எடுத்து அவர் மடியில் போட்டான்.

"கொண்டு போங்கோ, அண்ணை. இறங்குங்கோ, தண்ணி காட்டுவம்."

"கொஞ்சம் பொறு, எமில்," என்றார் சோமசேகரம், ஏற்கெனவே திடலின் மற்ற முனையைப் பார்த்தபடி. "ஒருக்கால் அங்கை போட்டு வாறன்."

அவர் பார்த்த பக்கம் ரீச்சர் திரும்பியது. சனம் சிரிப்பை விட்டு விலகி வழி விட்டது.