வைப்பர் அடியில் ஒரு நம்பர்

விருந்தாளியாக வந்தவன் அடுத்த வீட்டுக் கேட்டை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து காபி குடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் நான் எங்கே போனாலும் ஒரு சீட்டில் ‘கவின்ராஜ்’ என்று பெயரையும் போன் நம்பரையும் எழுதி வைப்பர் அடியில் சொருகிவிடுவேன். இடைஞ்சலாக இருந்தால் கூப்பிடுங்கள் என்று கன்னடத்தில் ஒரு வரியும் உண்டு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டி நான்தான் என்பது போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

மைசூரு குவெம்பு நகரில் இருக்கும் விஜய்குமார், கொள்ளேகாலில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஆறு மாதத்துக்கு முன் அவன் அப்பா தவறியபோது நான் போகவில்லை. கம்பெனியில் லீவு தரவில்லை என்று சொன்னேன். பொய். ஆபீஸ் கூட்டத்தோடு கோவா கடற்கரையில் இருந்தேன், பாதியில் கிளம்ப மனம் வரவில்லை. அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. நேரில் சொல்லிவிடுவது என்றுதான் பெங்களூரிலிருந்து கிளம்பினேன்.

அவன் வீட்டு வாசலில் யாருடைய காரோ நின்றது. நாலு வீடு தள்ளி நிறுத்தி, சீட்டைச் சொருகிவிட்டுப் போனேன். அவன் மனைவி ஸ்வாதி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

“விஜி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா.”

போன் அடித்தது. நான் நிறுத்தியிருந்த இடத்துக்கு எதிர்வீட்டுக்காரர் தன் வண்டியை வெளியே எடுக்க வேண்டுமாம். ஓடிப்போய் என் காரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன்.

திரும்பி வந்து வாயைத் திறந்தேன். மறுபடி போன். இப்போது கார் தென்னை மரத்தடியில் நின்றது, தேங்காய் பறிக்க ஆள் ஏறியாகிவிட்டது. “ஸ்வல்ப, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிறீங்களா சார்” என்றார் ஒரு அம்மா, ரொம்ப மரியாதையாக. வேறொரு மர நிழலுக்கு மாற்றினேன். மூன்றாவதாகக் கூப்பிட்டவருக்கு என்னால் ஒரு இடைஞ்சலும் இல்லை. அவர் சம்பந்தி வருகிறாராம், நிழலான இடமாயிற்றே, விட்டுத்தர முடியுமா என்று கேட்டார்.

விஜய் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினான். “நானும் வர்றேன் வா. இங்க இடம் புடிக்க உனக்குத் தெரியாது.”

அவன் தெருவை ஒட்டிய பூங்காவைக் காரில் ஒரு சுற்றுச் சுற்றினோம். எங்கும் இடமில்லை. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் ரோட்டைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன்.

“அப்பா காரியத்தப்ப லீவு கிடைக்கலைன்னு சொன்னது பொய்டா. கோவாவுல இருந்தேன்.”

இன்னொரு சுற்று முடிந்தது.

“அப்பா போன அந்த மூணு நாளும் நீ வருவேன்னு வாசல் கேட்டையே பாத்துட்டு இருந்தேன்டா” என்றான் கடைசியில்.

திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் குறுகிப்போனேன்.

“தப்புதான்டா” என்றேன்.

அவன் வீட்டு வாசலில் நின்ற கார் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் இண்டிகேட்டரைப் போட்டேன்.

“நிறுத்தாத, போ.”

ஒரேயடியாகப் போகச் சொல்கிறானோ என்று திக்கென்றது.

“இன்னொரு ரவுண்டு போடா. அப்பா கடைசியா எங்கிட்ட என்ன பேசினாருன்னு நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல. வீட்டுக்குள்ள போயிட்டா எனக்குச் சொல்ல வராது.”

இண்டிகேட்டரை அணைத்துவிட்டு வாசலைத் தாண்டிப் போனேன்.